முதுகுப் பையில் எத்தனை கிலோ?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 46, எடை 78 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் 45 நிமிடம் நடக்கிறேன். தொடக்கத்தில் ஆறு கிலோ குறைந்தது. கடந்த எட்டு மாதங்களாக எடை அசையவே இல்லை. முதுகில் சுமை வைத்து நடந்தால் மூன்று மடங்கு கலோரி செலவாகும் என்று காணொளிகளில் பார்த்தேன். மடிக்கணினிப் பையில் 15 கிலோ இரும்புத் தட்டுகளை வைத்துக்கொண்டு மூன்று வாரங்களாக நாள் தவறாமல் நடந்துவருகிறேன். இப்போது நடந்து முடிக்கும்போது இடது தோளிலிருந்து கட்டைவிரல் வரை மரத்துப்போகிறது. வலது பாதத்தின் மேற்புறத்தில் ஓரிடத்தில் விரல் பட்டாலே வலிக்கிறது. கீழ்முதுகு இறுகிக் கிடக்கிறது. பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தொடரலாமா? எவ்வளவு எடை சரி? முதுகுப் பை நல்லதா, எடை பொருத்திய மேலங்கி நல்லதா? 44 வயதான என் மனைவியும் எலும்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டுத் தொடங்க நினைக்கிறார். அவருடைய தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அவர் தொடங்கலாமா?

இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பையை இன்றே இறக்கி வையுங்கள். சுமையோடு நடப்பது தவறான பயிற்சி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தகுந்த அளவில் செய்தால் அது நல்ல பயிற்சிதான், பிற்பாடு நீங்கள் அதற்குத் திரும்பவும் செய்யலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளில் இரண்டு, பழகினால் சரியாகும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால் மோசமாகும். ஆகவே எத்தனை கிலோ என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கிவிட்டு, உங்கள் கையையும் பாதத்தையும் முதலில் பார்ப்போம்.

இடது கை மரத்துப்போவதைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வயது 46, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, உழைக்கும்போது இடது கையில் மாற்றம் என்ற மூன்றும் சேர்ந்து வரும்போது எந்த மருத்துவரும் முதலில் இதயத்தைத்தான் நினைப்பார். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் கனமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ, குளிர்ந்த வியர்வையோ வந்து, நின்றதும் தணிகிறது என்றால், இந்தக் கடிதத்தை மேலே படிக்க வேண்டாம். இன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமல், பை முதுகில் ஏறிய பிறகு மட்டும் மரத்துப்போய், பையை இறக்கியதும் மெல்லத் தெளிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் தோள்பட்டி. அப்போதும் அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

கழுத்துத் தண்டிலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் ஒரு பின்னலாகச் சேர்ந்து, காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளி வழியாகக் கடந்துபோகின்றன. பையின் தோள்பட்டி அழுத்துவது மிகச் சரியாக அந்த இடத்தைத்தான். இடுப்புப் பட்டி இல்லாத பையில் 15 கிலோவும் இரண்டு மெல்லிய பட்டிகள் வழியாகவே இறங்குகிறது. பட்டி காறையெலும்பைக் கீழே தள்ள, இடைவெளி சுருங்கி, நரம்பு நசுங்கவும் இழுபடவும் செய்கிறது. படைவீரர்களிடமும் மலையேறுபவர்களிடமும் நெடுங்காலமாகக் காணப்படும் இந்தப் பாதிப்புக்கு ரக்சாக் பால்சி என்றே பெயர். தோளின் வெளிப்புறத்திலும், முன்கையின் கட்டைவிரல் பக்கத்திலும் உணர்வு மங்குவதும், கையைப் பக்கவாட்டில் தூக்கும் வலு குறைவதும் இதன் வழக்கமான அடையாளங்கள். பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததாலேயே பலர் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரை நோக்கி நின்று இரு உள்ளங்கைகளையும் மார்பு உயரத்தில் சுவரில் ஊன்றி அழுத்தித் தள்ளுங்கள். உங்கள் மனைவி பின்னால் நின்று தோள்பட்டை எலும்புகளைப் பார்க்கட்டும். ஒரு பக்கத்து எலும்பு மட்டும் இறக்கைபோல் வெளியே துருத்தினால், விலாவோடு அந்த எலும்பைப் பிடித்து வைக்கும் தசைக்குச் செல்லும் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். துருத்தினாலோ, கையில் வலு குறைந்திருந்தாலோ, பையை இறக்கி ஒரு வாரமாகியும் மரத்த உணர்வு போகாவிட்டாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே சுமையை விலக்கிவிட்டால் இந்த நரம்புகள் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தாமாகவே தேறிவிடும். அழுத்தம் தொடர்ந்தால் அந்தக் காலம் நீண்டுகொண்டே போகும்.

அடுத்து பாதம். பாதமெங்கும் பரவலாக வலித்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். மேற்புறத்தில், விரல் நுனி அளவு இடத்தில், தொட்டால் வலிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது எலும்பில் ஏற்படும் நுண்விரிசலின் இலக்கணம். 1855இல் பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்புகளுக்குப் பிறகு படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்பதை அவரால் பார்த்திருக்க முடியாது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டதே அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1895இல்தான். இன்றும் இதை அணிவகுப்பு முறிவு என்றே அழைக்கிறோம். பெரும்பாலும் பாதத்தின் இரண்டாவது, மூன்றாவது நீள எலும்புகளில் வரும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 45 நிமிட நடையில் ஒரு பாதம் ஏறக்குறைய 2,300 முறை தரையில் பதிகிறது. மூன்று வாரங்களில் கிட்டத்தட்ட 50,000 முறை. அத்தனை முறையும், இரண்டு ஆண்டுகளாக 78 கிலோவுக்குப் பழகிய எலும்பின்மேல் 93 கிலோ இறங்கியிருக்கிறது. புதிய சுமை வரும்போது எலும்பு முதலில் செய்வது, தன்னில் நைந்த பகுதிகளை அரித்து அகற்றுவது. அந்த வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தப் பள்ளங்களைப் புதிய எலும்பால் நிரப்புவதற்கோ மூன்று நான்கு மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிடச் சற்று நலிந்தே இருக்கிறது. இதயமும் தசைகளும் ஓரிரு வாரங்களிலேயே புதிய வேலைக்குத் தயாராகிவிடுவதால், மூன்றாவது வாரத்தில் நமக்கு "இப்போது எளிதாகிவிட்டது, இன்னும் கூட்டலாம்" என்று தோன்றுகிறது. எலும்பு மிகவும் நலிந்திருக்கும் சமயமும் அதுவேதான். உங்களுக்கு வலி மூன்றாவது வாரத்தில் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம். படம் தெளிவாக இருக்கிறது என்பதால் எலும்பும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. வலி நீடித்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ பார்ப்பார்கள். விரிசல் உறுதியானால் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை பாதத்துக்கு ஓய்வு தேவைப்படும். அந்தக் காலத்தில் வீட்டில் சும்மா இருக்க வேண்டியதில்லை. மருத்துவர் ஒப்புக்கொண்டால் நீந்தலாம், நிலைச் சைக்கிள் ஓட்டலாம்.

கீழ்முதுகு இறுக்கம் மூன்றில் எளியது. பையை மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். மடிக்கணினிப் பை முதுகின் கீழ்ப்பகுதியில் தொங்குகிறது. உள்ளே தட்டுகள் அடிப்பக்கம் சேர்ந்து முதுகிலிருந்து விலகி நிற்கின்றன. ஒரே எடை முதுகெலும்பிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருந்தால் அது பின்னுக்கு இழுக்கும் திருப்புவிசையும் இரண்டு மடங்காகிறது. அதைச் சமன் செய்ய நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள், முதுகுத் தசைகள் 45 நிமிடமும் விடாமல் இறுகியிருக்கின்றன. இந்த இறுக்கத்தோடு நீர் கழிப்பதில் சிரமமோ, தொடைகளின் உட்புறம் உணர்வு மங்குவதோ சேர்ந்தால் மட்டும் அது அவசரம். நீங்கள் எழுதியதில் அப்படி ஏதும் இல்லை.

இனி நீங்கள் இந்தப் பயிற்சியில் இறங்கியதற்கான காரணத்துக்கு வருகிறேன். மூன்று மடங்கு கலோரி என்பது உண்மை அல்ல. சுமையோடு நடக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட, பாண்டால்ஃப் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு நிலையத்தில் உருவாக்கி 1977இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. உடல் எடை, சுமை, வேகம், சரிவு, தரையின் தன்மை ஆகிய ஐந்தையும் அது கணக்கில் கொள்கிறது. அதில் உங்கள் எண்களை இட்டால், சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சுமையில்லாமல் 45 நிமிடம் நடக்க ஏறக்குறைய 220 கிலோகலோரி ஆகிறது. 15 கிலோ சுமையோடு அதே நடைக்கு ஏறக்குறைய 253. வித்தியாசம் 33 கிலோகலோரி, அதாவது 15 சதவீதம். இந்தச் சூத்திரம் உண்மைச் செலவைச் சற்றுக் குறைத்தே காட்டுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும் மூன்று மடங்கின் பக்கத்தில்கூட வராது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. நாளுக்கு 33 வீதம் அதைக் கரைக்க எட்டு மாதம் ஆகும்.

இதே சூத்திரத்தில் சுமையை எடுத்துவிட்டு வேகத்தை மட்டும் மணிக்கு 6 கிலோமீட்டராக மாற்றிப் பாருங்கள். செலவு 285க்குப் போகிறது; கூடுதல் 29 சதவீதம், 15 கிலோ சுமை தந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேகத்தைப் பழையபடி 5ஆகவே வைத்துக்கொண்டு, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் நடந்தால் 340க்கு மேல். கூடுதல் 55 சதவீதம். உதிரி மணலில் நடந்தால் அதற்கும் அதிகம். என்னிடம் வருபவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முதலில் வேகம், அடுத்து ஏற்றம், எல்லாவற்றுக்கும் கடைசியில் சுமை. முதல் இரண்டையும் கூட்டுவதற்குத் தோள் நரம்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

உங்கள் எடை ஏன் நின்றுவிட்டது என்பதற்கும் இந்தக் கணக்கில் ஒரு விடை ஒளிந்திருக்கிறது. நடைக்கு ஆகும் செலவு, சுமக்கும் மொத்த எடையைப் பொறுத்தது. ஆறு கிலோ குறைந்த பிறகு அதே தூரத்தை அதே வேகத்தில் நடக்க உங்களுக்கு முன்பைவிடக் குறைவாகவே செலவாகிறது. பையில் ஆறு கிலோ வைத்து நடந்தால், உடலிலிருந்து இறக்கியதை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழப் பழைய செலவுக்குத் திரும்புகிறீர்கள், அவ்வளவே. எடைக் குறைப்பின் பெரும்பகுதி உணவின் அளவில்தான் நடக்கும். அதற்கு உங்கள் மருத்துவரோ உணவியல் வல்லுநரோ வழிகாட்டுவது பொருத்தம்; நான் என் துறைக்குள் நிற்கிறேன்.

அப்படியானால் சுமையோடு நடப்பதால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. நடையில் எப்போதும் ஒரு கால் தரையில் இருப்பதால் அது ஒன்றேகால் மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. ஓட முடியாத, ஆனால் வெறும் நடையில் இதயத்துடிப்பு போதுமான அளவு உயராத ஒருவருக்கு, மிதமான சுமை இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படியைத் தருகிறது. இடுப்பு, தொடை, கெண்டைக்கால், முதுகு ஆகியவற்றின் தாங்குதிறன் வளர்கிறது. மலைப்பாதையில் பையோடு சில நாள் நடக்கத் திட்டமிடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்தயாரிப்பு வேறில்லை. இன்னொரு பயனை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு அதுதான் பிடித்தமானது: வேகம் ஒத்துப்போகாத இருவர் சேர்ந்து நடக்க இது உதவுகிறது. வேகமாக நடப்பவர் பையைச் சுமந்தால், இருவரும் பேசிக்கொண்டே அருகருகே நடந்தபடி அவரவர்க்குரிய உழைப்பைப் பெறலாம். கணவனும் மனைவியுமாக நடக்க நினைக்கும் உங்களுக்கு இது நினைவிருக்கட்டும்.

எத்தனை கிலோ என்பதற்கு வருகிறேன். காணொளிகளில் சொல்லப்படும் எடைகள் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வந்தவை. அமெரிக்கக் காலாட்படையின் ஒரு தகுதித் தேர்வில் 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ சுமையோடு 12 மைலை மூன்று மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். நீங்கள் முதல் நாளே தூக்கியது ஏறத்தாழ அந்த எடை. அந்தத் தேர்வுக்குப் போகிறவர்கள் பல மாதம் படிப்படியாகப் பழகியவர்கள், இளையவர்கள், சட்டகமும் இடுப்புப் பட்டியும் கொண்ட பையைச் சுமப்பவர்கள். அப்படியிருந்தும் அவர்களிடையே கால் எலும்பு விரிசலும் முதுகு வலியும் ராணுவ மருத்துவர்களுக்கு ஓயாத தலைவலி.

பாதம் குணமாகி, மருத்துவர் அனுமதித்த பிறகு, முதலில் இரண்டு வாரமாவது சுமையே இல்லாமல் உங்கள் பழைய 45 நிமிட நடையை வலியின்றி முடிக்க வேண்டும். பிறகு உடல் எடையில் 5 சதவீதம், உங்களுக்கு 4 கிலோ. வாரத்துக்கு ஒரே நாள், 20 நிமிடம், சமதளம். மற்ற நாள்களில் சுமையில்லாத நடை. இது கேலிக்கு உரிய அளவாகத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். 15 கிலோ தூக்கியவருக்கு 4 கிலோ விளையாட்டுப் பொருள்தான். ஆனால் அந்த 4 கிலோவை உங்கள் இதயத்துக்காகச் சொல்லவில்லை, எலும்புக்காகச் சொல்கிறேன். மூன்று வாரம் தொல்லையின்றிக் கழிந்தால் வாரத்துக்கு இரண்டு நாளாக்குங்கள், இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். அதன்பின் முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். 45 நிமிடம் எட்டிய பிறகே எடை. அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ. எடையையும் நேரத்தையும் ஏற்றத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். தொல்லை வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். 12 கிலோவில், அதாவது 15 சதவீதத்தில் நின்றுவிடுங்கள். உடல்நலத்துக்காக நடப்பவருக்கு அதற்கு மேல் தேவைப்படுவதாக நான் கருதவில்லை.

உழைப்பின் அளவைத் துடிப்பு எண்ணிப் பார்க்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இதயத்துடிப்பை உயரவிடாமல் பிடித்து வைக்கும். கைக்கடிகாரம் காட்டும் எண் உங்களை ஏமாற்றும். முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற நிலை மிதமான உழைப்பு, அங்கேயே இருங்கள். சுமையும் இறுகிய பட்டிகளும் நடக்கும்போது இரத்த அழுத்தத்தை வெறும் நடையைவிட அதிகம் உயர்த்தும் என்பதால், உங்கள் அழுத்தம் மருத்துவர் குறித்த இலக்குக்குள் வந்து சில வாரமாவது நிலையாக இருந்த பிறகே பையை எடுக்க வேண்டும்.

பையா மேலங்கியா என்பதில், உங்களுக்குப் பை என்பதே என் பதில். மேலங்கி சுமையை முன்னும் பின்னுமாகப் பகிர்வதால் முன்சாய்வு குறையும். அது அதன் நல்ல குணம். ஆனால் முழு எடையும் தோளில்தான் நிற்கும், மார்பைச் சுற்றி இறுக்கி மூச்சை ஆழமாக இழுக்கவிடாது, உடல் சூட்டையும் அடைத்து வைக்கும். தோள் நரம்பு ஏற்கெனவே நசுங்கிய ஒருவருக்குத் தேவை, எடையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின்மேல் வைக்கும் கருவி. அதைச் செய்வது அகலமான, பஞ்சு வைத்த இடுப்புப் பட்டியுள்ள பை மட்டுமே. பட்டி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். அதற்குக் கீழே இறக்கி இறுக்கிக் கட்டினால் தொடையின் வெளிப்புறத்துக்குச் செல்லும் நரம்பு அழுந்தி அங்கே எரிச்சலும் மரப்பும் வரும். ஒரு நரம்பைக் காப்பாற்றி இன்னொன்றைக் கெடுத்த கதையாகிவிடும். முதலில் இடுப்புப் பட்டியைக் கட்டி, அதன்பின் தோள்பட்டிகளைப் பை முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுங்கள். மார்புப் பட்டி, தோள்பட்டிகள் வெளியே நழுவாமல் இருப்பதற்கு மட்டுமே.

கணுக்காலில் கட்டும் எடைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பை வேண்டாம் என்றால் அடுத்து அங்கேதான் பலர் போகிறார்கள். பாதத்தில் ஏற்றும் ஒரு கிலோ, உடற்பகுதியில் ஏற்றும் ஒரு கிலோவைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றலை விழுங்கும் என்று 1969லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அடியிலும் அந்த எடையை வேகமெடுக்க வைத்து, நிறுத்தி, மறுபடி வேகமெடுக்க வைப்பதால் அப்படி. அதே காரணத்தால் மூட்டும் இழுபடுகிறது. நடைக்கு அது வேண்டாம்.

உங்கள் மனைவியின் விருப்பத்தைப் பொறுத்தவரை, நடக்கலாம், ஆனால் எலும்புக்காக இதை நம்பியிருக்கக் கூடாது. உடல் எடையைக் குறைத்துக்கொண்டிருந்த 150 முதியவர்களிடம் ஓராண்டு நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், எடை பொருத்திய மேலங்கியை நாள்தோறும் அணிந்தவர்களுக்கும், எடைக் குறைப்போடு மட்டும் நின்றவர்களுக்கும் இடுப்பெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. எலும்பைத் தூண்டுவது பழகிய விசை நீண்ட நேரம் வருவதல்ல. பழகாத, பெரிய, விரைவான விசை சில முறை வருவது. நடையின் விசை, அதில் ஐந்து கிலோ கூடினாலும், எலும்புக்குப் பழகிய விசையே. படிப்படியாகக் கனம் கூட்டிச் செய்யும் எடைப் பயிற்சியும், மூட்டுகள் இடம்கொடுத்தால் சிறிய குதிப்புகளும் அதைவிடப் பயன் தரும். வாரத்தில் இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் அவருக்கு அங்கேயே நிறைவேறிவிடும்.

தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்திருப்பது மகளுக்கும் முறிவு அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்று. ஆகவே சுமை எதையும் முதுகில் ஏற்றும் முன், எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா பரிசோதனை தேவையா என்று அவர் தம் மருத்துவரிடம் கேட்டுவிடட்டும். முதுகெலும்பில் எலும்புப்புரை இருந்தால், முன்சாய்ந்தபடி சுமையோடு நடப்பது முள்ளெலும்பு நசுங்குவதற்கு வழிவகுக்கும். இன்னொன்று, பெண்கள் வெளியே சொல்லத் தயங்குவது: இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிகிறது என்றால், அல்லது அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவதுபோன்ற கனம் இருக்கிறது என்றால், சுமை அதை மோசமாக்கும். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை முதலில் முடித்துவிட்டு வரலாம். அதற்கென்றே பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

பையில் எதை வைப்பது என்பது ஒன்று மிச்சமிருக்கிறது. இரும்புத் தட்டே வேண்டும் என்றால் அதைத் துண்டில் சுற்றி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும் உயரத்தில், முதுகை ஒட்டி, உள்ளே ஆடாதபடி வையுங்கள். அதன் கீழ் இடத்தைப் போர்வைபோல் இலேசான எதையாவது கொண்டு நிரப்பிவிட்டால் தட்டு கீழே இறங்காது. ஆனால் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது தண்ணீர்ப் புட்டிகளை. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது, உடைந்தாலும் நனைவதோடு போயிற்று. அவற்றின் முழு அருமை ஏற்றப் பாதைகளில்தான் தெரியும். ஏறும்போது இதயத்தை வேலை வாங்கும் சுமை, இறங்கும்போது தொடைத் தசைகளையும் முழங்காலையும்தான் பிடித்து உலுக்குகிறது. ஒவ்வொரு அடியிலும் மொத்த எடைக்கும் முழங்கால் தடை போட வேண்டியிருக்கிறது. நானே ஒருமுறை 12 கிலோவோடு ஒரு நீண்ட சரிவில் இறங்கிவிட்டு, நான்கு நாள் படியிறங்கக் கைப்பிடியைத் தேடியிருக்கிறேன். அதன்பிறகு உச்சிக்குப் போனதும் குடிக்க வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத் தண்ணீரை அங்கிருக்கும் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, வெறும் பையோடு இறங்கிவருகிறேன்.